துருத்தியும் மோட்டாரும்

விராலிமலை முருகனுக்குச் சுருட்டு நைவேத்தியம் உண்டு. மயில்களுக்குப் பெயர்போன அந்த மலையின் அடிவாரத்தில் காப்பிக்காக வண்டியை நிறுத்தியபோது, என் அத்தான் இதை ஒரு வாதமாகவே எடுத்து வைத்தார்.

"சுவாமிக்கே கொஞ்சம் புகை வேண்டியிருக்கிறது. என் எஞ்சினுக்குக் கொஞ்சம் காற்று வேண்டும் என்றால் மட்டும் உன் அக்காவுக்கு ஏன் இத்தனை கோபம்?"

அக்கா காப்பியை ஆற்றிக்கொண்டே, "சுவாமி என் சீட்டுப் பணத்தைக் கேட்கவில்லையே!" என்றாள்.

திருச்சியை விட்டுக் கிளம்பி முப்பது கிலோமீட்டர்தான் ஆகியிருந்தது. அதற்குள் இந்தச் சம்பாஷணை ஐந்தாவது தடவையாக நடந்து முடிந்தது. மறுநாள் திருமயத்தில் உறவினர் வீட்டுக் கிரகப்பிரவேசம். கீரனூர் வழியாக நேரே போனால் சீக்கிரம் போய்ச் சேரலாம். எனக்குப் புதுக்கோட்டைச் சீமையைச் சாவகாசமாகப் பார்க்க ஆசை; அதனால் விராலிமலை, இலுப்பூர், அன்னவாசல் என்று சுற்றுவழியில் போவதாக ஏற்பாடு. அத்தான் உடனே ஒப்புக்கொண்டார். வழி நீளமானால் அக்காவிடம் பேசுவதற்கும் நேரம் நீளும் அல்லவா?

விஷயம் இதுதான். அத்தானுக்குத் திருச்சியில் லேத்துப் பட்டறை. வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய மாருதி எஸ்டீம் நிற்கிறது. 1298 சி.சி. எஞ்சின். நம் நாட்டுப் பந்தயக்காரர்கள் வெகு காலம் செல்லப் பிள்ளையாக வைத்திருந்த வண்டி அது. அக்காவின் மகனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு எடுத்து வந்ததும் அதில்தான். வேறு கார் வாங்கிய பிறகும் அதை விற்க இருவருக்கும் மனம் வரவில்லை. அத்தான் உள்ளே இருந்த ஆசனங்களைக் கழற்றி எறிந்துவிட்டு, இரும்புக் குழாயில் கூண்டு கட்டி, வருஷத்துக்கு இரண்டொரு தடவை லாரியில் ஏற்றிப் போய் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையில் ஓட்டிவிட்டு வருவார். இப்போது அதற்கு சூப்பர்சார்ஜர் பூட்ட வேண்டும் என்கிறார். அதில் மூன்று வகை உண்டு. எந்த வகை என்பதில் அவருக்கே இன்னும் தீர்மானம் இல்லை. ஒரு கோப்பு நிறையக் காகிதங்களை வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறவர் ஜாதகத்தைப் புரட்டுவது போலப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.

சூப்பர்சார்ஜர் என்றால் என்ன என்று கேட்கும் வாசகிகளுக்கு ஒரு வார்த்தை. விறகடுப்பு மூட்டிய கைகளுக்கு இது உடனே புரியும். எவ்வளவு விறகை அடைத்தாலும் காற்று இல்லாவிட்டால் புகைதான் வரும். ஊதுகுழலை எடுத்து இரண்டு ஊது ஊதினால் தீ எழும்பும். மோட்டார் எஞ்சினும் அப்படியே. பெட்ரோலை வேண்டிய மட்டும் கொடுத்துவிடலாம். அதை எரிக்கும் காற்றை எஞ்சின் தானே உறிஞ்சிக்கொள்ள வேண்டும். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் ஒரு சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு. அந்த அழுத்தம் தள்ளுகிற அளவுதான் உள்ளே போகும். எஞ்சினின் சுழற்சியிலிருந்தே ஒரு பெல்ட் போட்டு, ஓர் ஊதுகருவியைச் சுற்றி, இன்னும் 7 பவுண்டு அழுத்தம் சேர்த்துக் கொடுத்தால், ஏட்டுக் கணக்கில் அதே எஞ்சினுக்குள் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காற்று போகும். அந்த ஊதுகருவிதான் சூப்பர்சார்ஜர். பெல்ட்டுக்குப் பதிலாக எஞ்சின் வெளியே விடும் புகையே அதைச் சுற்றினால் அதற்கு டர்போ என்று பெயர். இன்றைய டீசல் கார்களிலும் லாரிகளிலும் இருப்பது அது.

இலுப்பூர் தாண்டியதும் செம்மண் பூமி. இரு புறமும் தைல மரங்கள். நடுநடுவே ஓர் ஊருணி, அதன் கரையில் ஐயனாரின் மண் குதிரைகள் வரிசையாக. மழையை நம்பியே ஏரியும் கண்மாயுமாக வெட்டி வைத்த நாடு இது. இப்போது அந்த நம்பிக்கையும் தளர்ந்து, பூமியைத் துளைத்துத் தண்ணீர் தேடுகிறார்கள். அன்னவாசலுக்கு முன்னால் ஒரு கொல்லையில் போர்வெல் வண்டி நின்று ஓலமிட்டுக்கொண்டிருந்தது. வெள்ளைப் பாறைத் தூள் பனைமர உயரத்துக்குப் பறந்தது. அத்தான் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கினார்.

"இந்தா, முதல் வகை!" என்று கத்தினார். கத்தினால்தான் கேட்டது.

அந்த லாரியின் முதுகில் இருக்கிற கம்ப்ரெஸருக்குள் இரண்டு திருகு உருளைகள் ஒன்றின் பள்ளத்தில் மற்றொன்றின் மேடு பதியும்படி சுழல்கின்றனவாம். ஒரு முனையில் புகுந்த காற்று மறுமுனைக்குப் போவதற்குள் இடம் குறுகிக்கொண்டே வர, நசுங்கி வெளியே வருகிறது. நனைந்த புடைவையை இரண்டு பேர் முறுக்கிப் பிழிகிற காட்சியை நினைத்துக்கொள்ளலாம். ஸ்வீடன் தேசத்து ஆல்ஃப் லிஷோல்ம் 1930-களில் உருவாக்கிய முறை. கோயமுத்தூரில் 1960-ல் ஆரம்பித்த எல்ஜி நிறுவனம் இந்தத் திருகுக் கம்ப்ரெஸர்களைச் செய்து வெளிநாடுகளுக்கும் அனுப்பி வருகிறது. இதையே சிறிதாக்கிக் காரில் வைத்தால் இரட்டைத் திருகு சூப்பர்சார்ஜர். காற்றை உள்ளேயே அழுத்திவிடுவதால் வீண் சூடு குறைவு. மெதுவாகப் போகும்போதும் பலம் கிடைக்கும். ஆனால் இரண்டு திருகுகளுக்கும் நடுவே தலைமுடி அளவு இடைவெளிதான் இருக்கலாம். அந்த வேலைப்பாட்டுக்கு விலை கொடுக்க வேண்டும்.

விலையை அத்தான் சொன்னார். அக்கா காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். முதல் ஜாதகம் அங்கேயே தள்ளுபடியாயிற்று.

சித்தன்னவாசலில் அரை மணி நேரம் இருந்தோம். அறிவர் கோயிலின் விதானத்தில் ஆயிரம் வருஷத்துக்கு மேலாகத் தாமரைக் குளம் மலர்ந்திருக்கிறது. நிறம் மங்கித்தான் போயிற்று. ஆனாலும் பூப்பறிக்கும் அந்தத் துறவியின் கை வளைவைப் பார்த்த பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அத்தான்கூட.

புதுக்கோட்டை நகரத்துக்குள் நுழைந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது வீதிகளின் நேர்த்தி. கோடு போட்டாற்போல நேராக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. 1878 முதல் 1894 வரை திவானாக இருந்த சேஷையா சாஸ்திரியார் ஊரைச் சீர்திருத்தி, குளங்களைத் தூர் வாரி, இந்த அழகைக் கொடுத்தார். தொண்டைமான்களின் அரண்மனையில் இப்போது கலெக்டர் அலுவலகம். 1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. 1974 ஜனவரி 14-ல் தனி ஜில்லாவாயிற்று. மெல்போர்னில் 1915-ல் மாலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்து, அதை வெள்ளைக்காரச் சர்க்கார் ஏற்காததால் ஊரையே விட்டுப் போய், 1928-ல் பாரிஸில் காலமான மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் கதையை அக்கா சாப்பாட்டு மேஜையில் சொன்னாள். அவர் குதிரைப் பந்தயப் பிரியர் என்று கடைசியில் சேர்த்துக்கொண்டாள். அத்தானைப் பார்த்துக்கொண்டேதான்.

பரோட்டாவும் முட்டை மாஸும் வரும்வரை அத்தானின் கோப்பை நான் புரட்டினேன். ஒரு பக்கத்தில் 'டி.வி.எஸ்.' என்று பெரிதாக இருந்தது. "நம் மதுரைக் கம்பெனி இதுவும் செய்கிறதா?" என்று கேட்டுவிட்டேன். இல்லையாம். அமெரிக்காவில் ஈட்டன் கம்பெனி தன் சூப்பர்சார்ஜருக்கு வைத்த பெயர். 'ட்வின் வோர்ட்டிஸஸ் சீரீஸ்', அதாவது இரட்டைச் சுழல் என்பதன் சுருக்கம். 2009-ஆம் வருஷத்துக் கொர்வெட் இசட்.ஆர்.1 காரில் வந்தது. அது அத்தானின் மனம் கவர்ந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதற்கு ரூட்ஸ் வகை என்று பெயர். ஏன் மனம் கவர்ந்தது? சத்தத்துக்காக. அவரே ஒப்புக்கொள்வார்.

திருமயம் சாலையில் ஊரைத் தாண்டியதும் ஓர் ஆசாரியின் கொல்லுப்பட்டறை. வாசலில் அரிவாள், மண்வெட்டி, அரிவாள்மனை எல்லாம் அடுக்கியிருந்தன. அக்காவுக்கு அரிவாள்மனை வேண்டும், இறங்கினோம். உள்ளே உலைக்கு மின்சார ஊதி. பக்கத்தில் கையால் சுற்றும் சக்கர ஊதி, கரண்ட் போனால் உபயோகிக்க. மூலையில் தோல் துருத்தி ஒன்று, நெற்றியில் பழைய சந்தனப் பொட்டோடு. பெரியவருடைய தகப்பனார் காலத்துச் சாமானாம். ஆயுத பூஜைக்குப் பூ வைப்பதோடு சரி.

அத்தானுக்குக் கண்கள் விரிந்தன. "ஐயா, இந்தத் துருத்தி, அந்தச் சக்கரம், இரண்டில் எது உசத்தி?" என்று கேட்டார்.

பெரியவர் சிரித்தார். அரிவாள்மனையைச் சாணையில் வைத்துக்கொண்டே அக்காவிடம்தான் பதில் சொன்னார். "துருத்தி நம்ம சொல்படி கேக்கும் தாயி. மெதுவா அமுக்கினாலும் ஒரு அமுக்குக்கு ஒரு பை காத்து உண்டு. சக்கரம் அப்படி இல்ல. மெதுவாச் சுத்தினா சும்மா சுத்தும், காத்தே வராது. வேகம் புடிச்சிட்டா, துருத்தியால அதுக்கு ஈடு குடுக்க முடியாது."

பிறகு எழுந்து வந்து செய்தே காட்டினார். துருத்தியை ஒரு முறை அழுத்தினார். கரி 'குப்'பென்று சிவந்தது. சக்கரத்தை மெல்லச் சுற்றினார், சாம்பல்கூட அசையவில்லை. வேகமாகச் சுற்றினார். தீ நீலம் பாய்ந்து நிமிர்ந்தது.

அத்தானின் கோப்பில் இருபது பக்கத்தில் இருந்த விஷயம் அவ்வளவுதான். ரூட்ஸ் வகை துருத்தியின் வம்சம். இரண்டு சுழலிகள் ஒவ்வொரு சுற்றுக்கும் படியால் அளந்து கொட்டுவது போல ஒரே அளவு காற்றை எடுத்து எஞ்சினுக்குள் தள்ளுகின்றன. கால் வைத்த மாத்திரத்தில் பலம் கிடைக்கும். மூன்றாவது வகையான மைய விலக்கு சூப்பர்சார்ஜர், அந்தச் சக்கரம். நனைந்த குடையைச் சுழற்றினால் நீர் விளிம்பிலிருந்து தெறிக்கிறதே, அப்படிக் காற்றை வெளியே வீசி அழுத்துகிறது. அதில் வேகம் பாதியானால் அழுத்தம் கால்வாசியாகிவிடும். எஞ்சின் நிமிஷத்துக்கு 6,000 சுற்றில் 8 பவுண்டு கொடுப்பது, 3,000 சுற்றில் சுமார் 2 பவுண்டுதான் கொடுக்கும்.

ரூட்ஸ் பிறந்த கதையே உலைக்களத்துக் கதைதான். அமெரிக்காவில் இந்தியானா மாகாணத்தில் கானர்ஸ்வில் என்ற ஊரில் ஃபிலாண்டர் ரூட்ஸ், ஃபிரான்சிஸ் ரூட்ஸ் என்று இரு சகோதரர்கள். கம்பளி ஆலை நடத்தினார்கள். ஆலையை ஓட்ட ஒரு புது மாதிரி நீர்ச் சக்கரம் செய்து பார்த்தார்களாம். அது தண்ணீரில் சரிப்படவில்லை. வெளியே வைத்துச் சுற்றியபோது கிளம்பிய காற்று பக்கத்தில் நின்றவரின் தொப்பியைப் பறக்கடித்துவிட்டது என்று கர்ண பரம்பரையாகச் சொல்கிறார்கள். 1860-ல் அதற்கு உரிமை பதிந்தார்கள். இரும்பு உருக்கும் உலைகளுக்கும், சுரங்கங்களுக்குக் காற்று அனுப்பவும் அது போயிற்று. 1900-ல்தான் ஜெர்மனியின் காட்லிப் டைம்லர் அந்த மாதிரி ஊதியை மோட்டார் எஞ்சினோடு சேர்க்க உரிமை வாங்கினார். 1921-ல் பெர்லின் கண்காட்சியில் மெர்ஸிடிஸ் கார்களில் அது விற்பனைக்கு வந்தது.

இதைக் கேட்ட பெரியவர், "இரும்பு உருக்கறதுக்கு ஊதினதா? அது இங்கேயே உண்டே" என்று கிழக்கே கையைக் காட்டினார். அவர் சொன்னது பொற்பனைக்கோட்டை. நகரத்துக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தூரத்தில் சங்க காலத்து மண்கோட்டை. 2021-லும் 2023-லும் அகழாய்வு நடந்த இடம். அந்தப் பக்கத்துச் செம்பூரான் பாறைகளில் பழைய இரும்பு உருக்குக் குழிகளும் கசடும் கிடைத்திருக்கின்றன. துருத்தி ஊதாமல் இரும்பு உருகாது. யார் ஊதினார்களோ, எத்தனை பேர் மாறி மாறி ஊதினார்களோ!

அரிவாள்மனைக்குப் பேரம் பேசாமல் பணம் கொடுத்தாள் அக்கா. இது அபூர்வம்.

வண்டி கிளம்பியதும் கேட்டாள்: "உங்கள் எஸ்டீமை இருங்காட்டுக்கோட்டையில் மெதுவாக ஓட்டுவீர்களா, வேகமாகவா?"

அத்தான் பதில் சொல்லாமல் வேறொரு கதைக்குத் தாவினார். பென்ட்லி கதை. 1929-ல் இங்கிலாந்தின் பந்தய வீரர் சர் ஹென்றி பர்கின், நாலரை லிட்டர் பென்ட்லி காருக்கு ரூட்ஸ் ஊதி வைக்க வேண்டும் என்றார். காரை உருவாக்கிய டபிள்யூ.ஓ. பென்ட்லிக்குச் சம்மதமில்லை. பலம் வேண்டுமானால் எஞ்சினைப் பெரிதாக்கு, ஊதி வைத்துக் கெடுக்காதே என்பது அவர் கட்சி. பர்கின் விடவில்லை. பணம் கொடுத்தது டாரதி பேஜெட் என்ற பணக்காரச் சீமாட்டி. ஊதி ரேடியேட்டருக்கு முன்னால் மூக்குப் போல நீட்டிக்கொண்டு நின்றது. பந்தய வண்டியின் பலம் சுமார் 130 குதிரைச் சக்தியிலிருந்து 240-க்கு ஏறியது.

"பார்த்தாயா, பணம் கொடுத்தது ஒரு பெண்!" என்றார் அத்தான்.

"ஜெயித்ததா?" என்றாள் அக்கா.

அத்தான் கியரை மாற்றினார். 1930 லெ மான் இருபத்துநான்கு மணிப் பந்தயத்தில் அந்த ஊதி வைத்த பென்ட்லிகள் இரண்டும் முடிவு வரை ஓடவில்லை. ஊதி இல்லாத பெரிய எஞ்சின் பென்ட்லிதான் ஜெயித்தது. அதே வருஷம் பிரெஞ்சு கிராண்ட் பிரியில் பர்கின் இரண்டாவதாக வந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அத்தானுக்கு நியாயம் செய்ய வேண்டும் அல்லவா?

திருமயத்தை நெருங்கும்போதே கோட்டை தெரிகிறது. 1687-ல் கிழவன் சேதுபதி கட்டியது. மேலே பாறை உச்சியில் பீரங்கி ஒன்று தெற்கே வருகிறவர்களை இன்னும் எதிர்பார்க்கிறது. மலையடியில் சத்தியகிரீசுவரர் கோயிலும் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலும் அடுத்தடுத்து. தேசபக்தர் சத்தியமூர்த்தி பிறந்த ஊர். வெயில் தாழ்ந்ததும் மூவரும் கோட்டை மேல் ஏறினோம். பாறை பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. செருப்புக்குள்ளும் சுட்டது.

அந்தச் சூட்டில்தான் அத்தான் உண்மையைச் சொன்னார். காற்றை அழுத்தினால் அது சூடாகும். நம் ஊரில் கோடையில் 40 டிகிரியில் உள்ளே போகிற காற்று, பழைய மாதிரி ரூட்ஸ் ஊதியில் 7 பவுண்டு அழுத்தத்தோடு வெளியே வரும்போது 100 டிகிரியைத் தாண்டிவிடும். மைய விலக்கு வகையில் சூடு ஓரளவு குறைவு. எதுவானாலும் அந்தக் காற்றை ஆற்றி அனுப்ப இன்டர்கூலர் என்று ஒரு சாதனம் வேண்டும். ஆற்றாமல் அனுப்பினால் பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும். எஞ்சினுக்குள் தட்டுகிற சத்தம் கேட்கும். அப்புறம் பிஸ்டனில் ஓட்டை.

"அந்த எஞ்சினிலா?" என்றாள் அக்கா. அவ்வளவுதான் கேட்டாள். குழந்தையைத் துணியில் சுற்றி அந்த வண்டியின் பின் ஆசனத்தில் வைத்துக்கொண்டு வந்த நாள் எனக்கும் ஞாபகம் வந்தது.

சற்றுப் பொறுத்து, "இதைப் பூட்டிக்கொண்டு ரோட்டில் ஓட்ட முடியுமா?" என்றும் கேட்டாள். அதற்கு நான் பதில் சொன்னேன். முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரித்தவர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே வருஷத்துத் திருத்தத்தில், மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று வந்துவிட்டது. பந்தயப் பாதைக்கு லாரியில் ஏற்றிப் போகிற வரைதான் அத்தானின் ஊதிக்கு வாழ்வு.

"அப்படியானால் ஊருக்குள் மெதுவாகப் போகிற பேச்சே இல்லை. பந்தயப் பாதையில் எஞ்சின் எவ்வளவு சுற்றில் இருக்கும்?"

"4,000-க்குக் கீழே இறங்க விடமாட்டேன்."

"பெரியவர் சொன்னது சக்கரம்தானே?"

அத்தான் கொஞ்ச நேரம் பீரங்கியைத் தடவிக்கொண்டிருந்தார். நெருக்கமான வளைவுகள் உள்ள பாதையானால் ரூட்ஸ்தான் தேவலை, வளைவை விட்டு வெளியே வரும்போது அந்த உதை கிடைக்கும் என்று மெதுவாக வாதாடிப் பார்த்தார். இருங்காட்டுக்கோட்டையில் நீண்ட நேர்பாதை இருக்கிறதே என்றேன் நான். அந்தச் சத்தம் போய்விடுமே என்றார். அதற்கு எங்கள் இருவரிடமும் சமாதானம் இல்லை. ரூட்ஸ் ஊதியின் அந்த ஓலம் மற்றதில் வராது என்பது நிஜம்.

இறங்கும்போது ஒப்பந்தம் முடிந்தது. இந்த வருஷம் சீட்டுப் பணத்தில் பிரேக், ரேடியேட்டர், டயர்கள். அடுத்த வருஷம் எஞ்சினைப் பிரித்துப் பார்த்து, பிஸ்டன்கள் தாங்கும் என்று அக்காவுக்கும் நம்பிக்கை வந்தால், சிறிய மைய விலக்கு ஊதி ஒன்று, 5 பவுண்டுக்கு மேல் போகாமல், இன்டர்கூலரோடு. அக்கா கையை நீட்டிக் கார் சாவியை வாங்கிக்கொண்டாள். உறவினர் வீடு வரைக்கும் அவள்தான் ஓட்டினாள்.

வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பூசணிக்காய் வந்து இறங்கியிருந்தது. அரிவாள்மனையை எடுக்கப் போனவள், சாணை பிடித்த வாய் பளபளவென்று வெறுமனே இருப்பதைப் பார்த்து, "குழந்தைகள் ஓடுகிற இடம், சுற்றி வைக்க ஏதாவது காகிதம் கொடுங்களேன்" என்றாள். அத்தான் கோப்பைத் திறந்தார். கொஞ்சம் தயங்கினார். ரூட்ஸ் பக்கங்களில் மூன்றை உருவிக் கொடுத்துவிட்டு, படம் போட்ட பக்கத்தை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.